தளத்துக்கு வருகிறவர்கள் என்னதான் செய்கிறார்கள்? பார்த்துத் திருத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடை, டியூஷன் சென்டர், சமையல் குறிப்பு, சிறுபத்திரிகை என்று சொந்தமாக ஒரு தளம் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. தளம் கட்டிக் கொடுப்பதும் கட்டியதைப் பார்த்துக்கொள்வதும் என் தொழில். உதாரணங்கள் பெரும்பாலும் நான் கவனித்துக்கொள்ளும் ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடையின் தளத்திலிருந்து வரும். பெயர் போட வேண்டாம் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

ஆட்கள் வருகிறார்கள், வாங்காமல் போய்விடுகிறார்கள். தளத்தையே புதிதாகக் கட்டிவிடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். பழைய தளத்தில் எங்கே தடுக்கி நின்றார்கள் என்று தெரியாமல் புதிது கட்டினால், அதே தடங்கல் புதுப் பெயின்ட்டோடு திரும்ப வரும். செலவு மட்டும் உங்களுடையது.

இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் ஒரு கதை உண்டு. பழசுதான், ஆனால் இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. ஜாரெட் ஸ்பூல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2009-ல் எழுதியது. ஒரு பெரிய விற்பனைத் தளம். பெயரை அவர் சொல்லவில்லை. பொருளைக் கூடையில் போட்டுப் பணம் கட்டப் போனால் நடுவில் ஒரு சின்னப் படிவம் வரும். மின்னஞ்சல், பாஸ்வேர்டு என இரண்டு பெட்டி. 'லாகின்', 'ரெஜிஸ்டர்' என இரண்டு பட்டன். ஒருமுறை பதிந்துவிட்டால் அடுத்தமுறை சுலபம் என்று கட்டியவர்கள் நினைத்திருந்தார்கள். ஆட்களை உட்காரவைத்து வாங்கச் சொல்லிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. முதல்முறை வந்தவர்களுக்குப் பதிவு செய் என்றாலே எரிச்சல். பழையவர்களுக்கோ எந்த மின்னஞ்சலில் பதிந்தோம் என்பதே ஞாபகம் இல்லை. தரவைத் தோண்டினால் 45 சதவீதம் வாடிக்கையாளர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட கணக்கு வைத்திருந்தார்கள். சிலருக்குப் பத்து வரை. 'ரெஜிஸ்டர்' பட்டனை எடுத்துவிட்டு 'தொடர்க' என்று வைத்தார்கள். கணக்குத் தொடங்காமலே வாங்கலாம் என்று ஒரு வரி சேர்த்தார்கள். வாங்கி முடித்தவர்கள் 45 சதவீதம் கூடினார்கள். முதல் வருடத்தில் கூடுதலாக வந்தது 30 கோடி டாலர்.

உங்களுக்கு 30 கோடி டாலர் வராது. ஆனால் அங்கே யாரும் தளத்தை இடித்துக் கட்டவில்லை என்பதைக் கவனியுங்கள்.

எங்களிடம் கருவி எதுவும் இல்லை. எதிலிருந்து ஆரம்பிப்பது?

கடைக்கு வரும் போனிலிருந்து. தளத்தில் பதில் கிடைக்காதவர்தான் போன் செய்கிறார்.

எண்ணெய்க் கடையில் போனுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைக்கச் சொன்னேன். வருகிற கேள்வியை, கேட்டவர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். 'டெலிவரி விசாரணை' என்று சுருக்கக் கூடாது. திரும்பத் திரும்ப வந்தவை இவை: "தென்காசிக்கு அனுப்புவீங்களா?" "அஞ்சு லிட்டர் பாட்டிலா, டின்னா?" "போன தடவை வாங்கினதே வேணும், எப்படிப் போடுறது?"

தமிழ்நாடு முழுக்க அனுப்புவோம் என்று தளத்தில் எழுதித்தான் இருக்கிறது. பக்கத்தின் அடியில், 'ஷிப்பிங் பாலிசி' என்ற இணைப்புக்குள், மூன்றாவது பத்தியில். அந்த வரியை விலைக்குக் கீழே கொண்டுவந்ததும் தென்காசிக் கேள்வி ஏறக்குறைய நின்றுபோனது. பாட்டிலா டின்னா என்று கேட்டதற்குக் காரணம் படம். ஐந்து லிட்டருக்கும் ஒரு லிட்டர் பாட்டில் படத்தையே போட்டு வைத்திருந்தார்கள். டின்னைப் படம் எடுத்துப் போட்டதோடு சரி.

வாட்ஸ்அப்பில் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பி "இதுக்கு மேல போக மாட்டேங்குது" என்று எழுதுகிறவர்களை விட்டுவிடாதீர்கள். பைசா வாங்காமல் உங்களுக்கு வேலை செய்து கொடுப்பவர்கள் அவர்கள்.

கூகுள் அனலிட்டிக்ஸ் போட்டிருக்கிறோம். அதில் எதைப் பார்ப்பது?

இருக்கிற அறிக்கைகளையெல்லாம் பார்க்க உட்கார்ந்தால் பொழுது போகும், வேலை நடக்காது. முதலில் இரண்டு அமைப்பைச் சரிசெய்யுங்கள்.

தரவை நம் விருப்பப்படி தோண்டிப் பார்க்கும் 'எக்ஸ்ப்ளோரேஷன்' பகுதிக்கான தரவை ஜிஏ4 (கூகுள் அனலிட்டிக்ஸின் இப்போதைய பதிப்பு) இரண்டு மாதம்தான் வைத்திருக்கும். அதை 14 மாதமாக மாற்றும் வசதி அட்மின் பக்கத்திலேயே இருக்கிறது. மாற்றாமல் விட்டால், போன தீபாவளிக்கு வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று இந்தத் தீபாவளிக்குத் தோண்டிப் பார்க்க முடியாது. ஏற்கெனவே சேர்ந்த தரவுக்கு இந்த மாற்றம் செல்லாது என்பதால் இன்றைக்கே செய்துவிடுங்கள். அடுத்தது, உங்கள் கடை, வீட்டு இணைய இணைப்புகளின் ஐபி முகவரியை, அதாவது இணைப்பின் அடையாள எண்ணை, கணக்கிலிருந்து விலக்குங்கள். சின்னத் தளங்களில் அடிக்கடி வந்து போகிறவர் பல சமயம் முதலாளிதான்.

'பவுன்ஸ் ரேட்' என்ற எண்ணைப் பார்த்துப் பதறுகிறவர்கள் அதிகம். ஜிஏ4 கணக்கில், ஒருவர் 10 வினாடிக்கு மேல் இருந்தாலோ, இரண்டு பக்கமாவது பார்த்தாலோ, நீங்கள் முக்கியம் என்று குறித்து வைத்த ஒன்றைச் செய்தாலோ அது ஈடுபாடுள்ள வருகை. மீதியெல்லாம் பவுன்ஸ். எட்டே வினாடியில் உங்கள் நம்பரைப் பார்த்து, வேறு போனில் கூப்பிட்டு, ஐந்து டின் ஆர்டர் கொடுத்தவரும் பவுன்ஸ்தான்.

நான் பார்ப்பது கொஞ்சம்தான். எந்தப் பக்கத்தில் வந்து இறங்குகிறார்கள், போனிலா கம்ப்யூட்டரிலா, பொருள் பக்கம் - கூடை - முகவரி - பணம் என்ற வரிசையில் எந்த இடத்தில் கூட்டம் கரைகிறது. எண்ணெய்க் கடைத் தளத்தில் முகவரிப் பக்கத்தில் நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள் என்பது வரைக்கும் அனலிட்டிக்ஸ் சொல்லும். ஏன் நின்றார்கள் என்பது எத்தனை அறிக்கையைப் புரட்டினாலும் கிடைக்காது. அதற்கு ஆளைத்தான் பார்க்க வேண்டும். கீழே வருகிறேன்.

தளத்துக்குள் இருக்கும் தேடல் பெட்டியை யாராவது பயன்படுத்துகிறார்களா? எடுத்துவிடலாமா?

எடுத்துவிடாதீர்கள்! எனக்கு வேண்டியது இதுதான் என்று வருகிறவரே தன் வார்த்தையில் எழுதிக் கொடுக்கும் இடம் அது. தளம் வேர்ட்பிரஸ்ஸில் இருந்தால், ஜிஏ4 அந்தத் தேடல்களைத் தானாகவே பிடித்து வைக்கும். அதற்கான 'என்ஹான்ஸ்டு மெஷர்மென்ட்' என்ற அமைப்பு அணைக்கப்படாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எண்ணெய்க் கடைத் தளத்தில் பொருளின் பெயர் 'நல்லெண்ணெய்'. தேடியவர்கள் தட்டியது நல்லெண்ணை, எள்ளெண்ணெய், எள் எண்ணெய், செக்கு நல்லெண்ணெய், ஜிஞ்சிலி ஆயில். இத்தனையும் ஆங்கில எழுத்திலும், ஆளுக்கொரு ஸ்பெல்லிங்கில். 'எள்ளெண்ணெய்' என்று தட்டினால் 'எதுவும் கிடைக்கவில்லை' என்று வந்தது. சரக்கோ குடோனில் அடுக்கிக் கிடக்கிறது. தமிழில் தளம் நடத்துகிற எல்லோருக்கும் இது உண்டு. நாம் சரியான எழுத்துக்கூட்டலில் ஒன்றை எழுதிவைப்போம். தேடுகிறவர் அவசரத்தில் போனில் வாய்த்ததைத் தட்டுவார். தேடல் ப்ளகின்களில் பலவற்றில் மாற்றுச் சொற்களைச் சேர்க்கலாம். அது இல்லையென்றால் பொருள் விவரத்தில் அந்தப் பெயர்களை இயல்பாக ஒரு வாக்கியத்தில் எழுதிவிட்டாலே போதும்.

தேடிக் கிடைக்காதவற்றின் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: கடலைப் புண்ணாக்கு. செக்கில் மிஞ்சுவதைக் கடைக்காரர் மாடு வைத்திருப்பவர்களுக்கு மொத்தமாகக் கொடுத்துவிடுவார். தளத்தில் போட வேண்டும் என்று தோன்றவே இல்லை. மாடித் தோட்டக்காரர்கள் செடிக்கு உரமாகப் போட அதைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இப்போது கிலோ கணக்கில் போகிறது.

கூகுளில் என்ன தேடி நம் தளத்துக்கு வந்தார்கள் என்று தெரிந்துகொள்ள முடியுமா?

கூகுளின் சர்ச் கன்சோல் என்ற கருவியில் தெரியும். இலவசம்; 16 மாதத் தரவு இருக்கும். எந்தத் தேடலுக்கு உங்கள் பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் அழுத்தினார்கள் என்று இரண்டும் வரும். அரிதான தேடல்களைத் தனியுரிமைக்காகக் கூகுள் மறைத்துவிடும், கூட்டல் கொஞ்சம் உதைக்கும், பரவாயில்லை. சமையல் தளம் வைத்திருப்பவர்களுக்கு இது தங்கச் சுரங்கம். வத்தக்குழம்புப் பக்கத்துக்கு வருகிறவர்கள் 'வத்தக்குழம்பு எத்தனை நாள் கெடாது' என்று தேடி வருகிறார்கள், பக்கத்தில் அதற்குப் பதிலே இல்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஹீட்மேப், ரெக்கார்டிங் எல்லாம் தேவையா? காசு நிறைய ஆகுமா?

மைக்ரோசாஃப்ட்டின் கிளாரிட்டி 2020 அக்டோபரில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. காசு கிடையாது. ஹாட்ஜார் போன்றவையும் உண்டு, ஆனால் சின்னத் தளத்துக்குக் கிளாரிட்டியே தாராளம். வருகிறவர் எங்கே தட்டினார், எதுவரை உருட்டினார் என்பதை வீடியோ மாதிரி திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். பல பேருடையதைச் சேர்த்து, தட்டல் அதிகமான இடத்தைச் சிவப்பாகக் காட்டுவதுதான் ஹீட்மேப்.

எல்லாப் பதிவையும் உட்கார்ந்து பார்த்தால் இரண்டாம் நாளே அலுத்துவிடும். வடிகட்டுங்கள். கிளாரிட்டியில் 'ரேஜ் கிளிக்', 'டெட் கிளிக்' என்று இரண்டு வடிகட்டி உண்டு. ஒரே இடத்தில் படபடவென்று தட்டுவது முதலாவது. தட்டியும் ஒன்றும் நடக்காதது இரண்டாவது. அங்கிருந்து ஆரம்பியுங்கள். எண்ணெய்க் கடை முகப்பில் 'பொங்கல் சலுகை' என்று ஒரு மஞ்சள் பேனர் இருந்தது. ஓரம் வளைந்து, நிழல் விழுந்து, பார்க்க அச்சு அசல் பட்டன். அது வெறும் படம். ஆட்கள் அதைத் தட்டு தட்டென்று தட்டிவிட்டு, ஒன்றும் நடக்காமல், கீழே உருட்டிக்கூடப் பார்க்காமல் போயிருந்தார்கள்.

அடுத்து, கூடை வரைக்கும் வந்து திரும்பியவர்களின் பதிவுகள். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதிலும் ஒரு வரம்பு உண்டு. பதிவில் ஒருவர் இரண்டு நிமிடம் அசையாமல் இருக்கிறார் என்றால் குழம்பிப்போய் நிற்கிறாரா, குக்கர் விசில் அடித்து அடுப்படிக்குப் போய்விட்டாரா என்று தெரியாது. ஹீட்மேப்பில் சிவப்பாக இருப்பதெல்லாம் நல்லதும் அல்ல. மெனுதான் மிகச் சிவப்பு என்றால், பக்கத்தில் வேண்டியது கிடைக்காமல் அங்கே ஓடுகிறார்கள் என்றும் பொருள். போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஹீட்மேப்பைத் தனித்தனியாகப் பாருங்கள்.

'ஆட்கள் எஃப் வடிவத்தில்தான் படிப்பார்கள், அதனால் எஃப் வடிவத்தில் டிசைன் செய்யணும்' என்கிறார் எங்கள் டிசைனர்.

தளங்களை ஆட்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் நீல்சன் நார்மன் குழுமம் 2006-ல் 232 பேரின் கண்ணசைவைப் பதிவு செய்து சொன்னது அது. மேலே ஒரு கோடு, கொஞ்சம் கீழே சின்னதாக இன்னொரு கோடு, அப்புறம் இடது ஓரமாக நேராகக் கீழே. மேலோட்டமாக மேய்கிற கண் விடும் தடம் அது. உபதலைப்பு இல்லாமல், பத்தி பிரிக்காமல் எழுத்தைக் கொட்டி வைத்தால் கண் அப்படி ஓடும். தடத்தைப் பார்த்து எழுத்தைத் திருத்த வேண்டுமே தவிர, தடத்துக்கேற்ப டிசைன் செய்வது தலைகீழ் வேலை.

நேரில் ஒருவரை உட்காரவைத்துப் பார்ப்பது என்றால் என்ன செய்ய வேண்டும்?

ஆய்வுக்கூடமெல்லாம் வேண்டாம். ஒரு ஆள், அவருடைய சொந்த போன், அரைமணி நேரம், பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நீங்கள். சொந்த போன் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். டெவலப்பரின் பெரிய திரையில், ஆபீஸ் வைஃபையில் எல்லாத் தளமும் அழகுதான். கீறல் விழுந்த திரை, நிரம்பி வழியும் மெமரி, பெரிதாக்கி வைத்த எழுத்து, ஒரு புள்ளி சிக்னல் என்று ஆட்கள் நிஜத்தில் வைத்திருப்பதில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

வேலையைச் சொல்லுங்கள், வழியைச் சொல்லாதீர்கள். "நல்லெண்ணெயைத் தேடி, கூடையில் போட்டு, செக் அவுட் பண்ணுங்க" என்றால் பாதி விடையை நீங்களே சொல்லிக்கொடுத்தாயிற்று. "வீட்டுல எண்ணெய் தீர்ந்துபோச்சு, இங்க வாங்கணும், என்ன செய்வீங்க?" என்று கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். 1982-ல் ஐபிஎம்மில் இருந்த கிளேட்டன் லூயிஸ் கணினித் திரைகளைச் சோதிக்க இந்த முறையைக் கொண்டுவந்தார். இன்றுவரை இதற்கு மாற்று வரவில்லை.

எண்ணெய்க் கடையில் முகவரிப் பக்கத்தில் கூட்டம் கரைகிறது என்றேன் அல்லவா? காரணம் கடைக்காரரின் பெரியம்மாவிடம் கிடைத்தது. தளம் கட்டியதில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை, அதனால் கூப்பிட்டோம். ஐந்து லிட்டர் கடலை எண்ணெய் வாங்கச் சொன்னேன். டின்னைக் கண்டுபிடித்துவிட்டார். பட்டனில் 'கூடையில் சேர்க்கவும்' என்று இருக்க வேண்டும். அவர் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்ததால் அது இரண்டு வரியாக உடைந்து, கீழ்வரி வெட்டுப்பட்டு, 'கூடையில்' மட்டும் தெரிந்தது.

"எந்தக் கூடை தம்பி?"

"நீங்க தனியா இருந்தா என்னம்மா செய்வீங்க?"

அழுத்தினார். முகவரி, பின்கோடு எல்லாம் நிதானமாக அடித்தார். செல் நம்பர் கொடுத்ததும் ஓடிபி வந்தது. திரையின் மேலே எட்டிப்பார்த்த குறுஞ்செய்தி, கண்ணாடியைச் சரிசெய்வதற்குள் மறைந்துபோனது. பிரவுசரை விட்டு மெசேஜுக்குப் போனார். ஆறு இலக்கம் ஞாபகம் நிற்காது என்று தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். திரும்பி வந்தால் பக்கம் மறுபடி லோட் ஆகி, அடித்த முகவரி அத்தனையும் காலி.

"என் கைதான் எங்கயோ பட்டிருச்சு போல," என்று சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து அடிக்க ஆரம்பித்தார். முடித்து, எழுதி வைத்த எண்ணைப் போட்டபோது ஓடிபி காலாவதி. "விடு தம்பி, நான் கடைக்கே வந்து வாங்கிக்கிறேன்."

அனலிட்டிக்ஸில் இவர் ஒரு கோடு: முகவரிப் பக்கம், இரண்டு முறை, வெளியேற்றம். தளத்தின் மேல் ஒரு புகார்கூட அவர் சொல்லவில்லை என்பதைப் பாருங்கள். பழியைத் தன் கைமேல் போட்டுக்கொண்டார். இப்படிப் போகிறவர்கள் உங்களுக்குப் போன் செய்யவும் மாட்டார்கள்.

திருத்தம் பெரிதில்லை. அடித்த முகவரியை பிரவுசரிலேயே சேமித்து வைக்கச் செய்தோம். குறுஞ்செய்தியில் வரும் எண்ணை பிரவுசரே எடுத்து நிரப்பும் வசதி இருக்கிறது, அதைப் போட்டோம். ஓடிபியின் ஆயுளைக் கூட்டினோம். பட்டனை எழுத்துக்கேற்ப வளரவிட்டோம். தமிழ்ச் சொற்கள் நீளம். உயரத்தைக் குறிப்பிட்ட அளவில் பூட்டிவைத்த பட்டன்களில் இந்த வெட்டு நிறையத் தளங்களில் இருக்கிறது. உங்கள் போனில் எழுத்தைப் பெரிதாக்கி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எத்தனை பேரைப் பார்த்தால் போதும்?

ஐந்து என்பார்கள். ஜேக்கப் நீல்சன், தாமஸ் லாண்டௌர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1993-ல் போட்ட கணக்கு அது. சராசரியாக ஒருவரைப் பார்த்தால் மொத்தக் குறைகளில் 31 சதவீதம் அகப்படும். அடுத்தவரிடம் பழைய குறைகளில் சிலவும் திரும்ப வரும். ஐந்து பேரில் சுமார் 85 சதவீதம் வந்துவிடும். இதற்கு மறுப்பும் உண்டு. 2001-ல், மேலே 30 கோடி டாலர் கதையை எழுதிய அதே ஸ்பூலும் வில் ஷ்ரோடரும் விற்பனைத் தளங்களைச் சோதித்துவிட்டு, ஐந்து பேரில் 35 சதவீதம்தான் கிடைத்தது என்றார்கள்.

இந்தச் சண்டை பெரிய தளங்களுக்கு. உங்களுக்கு ஐந்து பேர் கிடைத்தாலே பெரிய விஷயம். ஐந்து பேரைப் பாருங்கள், கண்டதைத் திருத்துங்கள், பிறகு வேறு ஐந்து பேர். ஒரே மூச்சில் 15 பேரைப் பார்ப்பதைவிட இது மேல் என்றுதான் நீல்சனும் சொன்னார். டியூஷன் சென்டர் தளம் மாதிரி பெற்றோர், மாணவர் என்று இரண்டு வகை ஆட்கள் வருகிற இடம் என்றால் இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பாருங்கள்.

கேட்டால் எல்லோரும் 'நல்லா இருக்கு' என்கிறார்களே?

நம் ஊரில் வேறென்ன சொல்வார்கள்? வீட்டுக்குக் கூப்பிட்டு, காபி கொடுத்து, நீங்கள் கட்டிய தளத்தைக் காட்டி எப்படி என்றால் முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள். அபிப்பிராயம் கேட்காதீர்கள். செய்யச் சொல்லிப் பாருங்கள். 'நல்லா இருக்கு' என்று வாய் சொல்லும்போதே விரல் பின்போகும் பட்டனைத் தேடிக்கொண்டிருக்கும். முடிந்தால் நீங்கள் உட்காராமல் வேறொருவரை உட்காரவையுங்கள். "உங்களைச் சோதிக்கல, தளத்தைத்தான் சோதிக்கிறோம்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். பெரியவர்களிடம் இரண்டு முறை சொல்ல வேண்டும்.

சர்வே போடலாமா?

ஒரே ஒரு கேள்வி என்றால் போடலாம்: 'நீங்கள் தேடி வந்தது கிடைத்ததா? இல்லையென்றால் என்ன தேடினீர்கள்?' பத்துக் கேள்விப் படிவத்தை, அதுவும் பக்கம் திறந்ததும் முகத்தில் அடிக்கிற மாதிரி போடுவதென்றால், வேண்டாம்.

ஏ/பி டெஸ்ட் செய்து பார்த்தால் அறிவியல்பூர்வமாகத் தெரிந்துவிடுமே?

ஒரே பக்கத்தின் இரண்டு வடிவங்களை வருகிறவர்களுக்குப் பிரித்துக் காட்டி, எது ஜெயிக்கிறது என்று பார்ப்பதுதான் ஏ/பி டெஸ்ட். தெரியும், கூட்டம் இருந்தால். 2007 கடைசியில் ஒபாமாவின் தேர்தல் பிரசாரத் தளத்தில் டான் சிரோக்கர் நடத்தியது புகழ்பெற்றது. நாலு விதப் பட்டன், ஆறு விதப் படமும் வீடியோவும், மொத்தம் 24 சேர்க்கை. பிரசாரக் குழுவினர் வீடியோதான் ஜெயிக்கும் என்று நினைத்தார்கள். எல்லா வீடியோவும் படங்களிடம் தோற்றன. ஜெயித்தது குடும்பப் படமும் 'மேலும் அறிய' என்ற பட்டனும். மின்னஞ்சல் கொடுத்துப் பதிந்தவர்கள் 8.26 சதவீதத்திலிருந்து 11.6 ஆனார்கள். ஆனால் அந்தச் சோதனையில் பங்கேற்றவர்கள் 3 லட்சத்து 10 ஆயிரம் பேர்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நூற்றுக்கு ஐந்து பேர் வாங்குகிறார்கள், புதுப் பக்கத்தில் அது ஆறாகிறதா என்று வழக்கமான நம்பக அளவில் உறுதியாகத் தெரிய ஒவ்வொரு பக்கத்துக்கும் சுமார் 8,000 பேர் வேண்டும். இரண்டுக்கும் 16,000. நாளைக்கு 50 பேர் வருகிற தளத்தில் 320 நாள். அதற்குள் ஒரு பொங்கல், ஒரு ஆடித் தள்ளுபடி, ஒரு தீபாவளி எல்லாம் வந்து கணக்கைக் கலைத்துவிடும். மூன்றாம் நாள் ஒரு பக்கம் முன்னால் இருக்கிறது என்று நிறுத்திவிடுவது அதைவிட மோசம். அது வெறும் தற்செயலாக இருக்க வாய்ப்பு அதிகம். கூகுளின் இலவச ஆப்டிமைஸ் கருவியும் 2023 செப்டம்பரோடு மூடப்பட்டது. பட்டன் நிறத்துக்காக மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட, ஓடிபியில் மாட்டிக்கொள்கிறவரைப் பார்ப்பது உங்களுக்கு லாபம்.

ஆட்களை அவர்களுக்குத் தெரியாமல் வேவு பார்ப்பது தப்பில்லையா?

தெரியாமல் செய்தால் தப்புதான். 2017 நவம்பரில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்றை வெளியிட்டார்கள். அதிகம் பார்க்கப்படும் 50,000 தளங்களில் 482 தளங்கள், வருகிறவர் தட்டுவதை அப்படியே பதிவு செய்து வெளி நிறுவனங்களுக்கு அனுப்பியதற்கான தடயம் கிடைத்தது. சிலவற்றில் பாஸ்வேர்டும் மருத்துவ விவரமும்கூடப் போயிருந்தன. அதற்குப் பிறகு கருவிகள் திருந்தியிருக்கின்றன. கிளாரிட்டி பெட்டிகளில் தட்டுவதை மறைத்துத்தான் பதிவு செய்கிறது. இருந்தாலும் உங்கள் பதிவு ஒன்றை நீங்களே ஓட்டி, பெயரும் முகவரியும் கடைசிப் பக்கத்தில் எழுத்தாகத் தெரிகிறதா என்று பாருங்கள். ஆர்டர் உறுதிப் பக்கத்தில் பலருக்கு அது தெரிந்துவிடும்.

இந்தியாவில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வந்து, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. இலங்கையில் 2022-லேயே சட்டம் உண்டு. லண்டனுக்கும் பாரிசுக்கும் பலகாரம் அனுப்புகிற கடை என்றால் 2018 முதல் இருக்கும் ஐரோப்பிய விதிகளும், அவற்றை ஒட்டிய பிரிட்டன் விதிகளும் உங்கள் தலையில். எளிமையாகச் சொன்னால்: பதிவு செய்கிறோம் என்று தமிழில், புரிகிற மாதிரி சொல்லி, சம்மதம் கேளுங்கள், மறுத்தால் கருவி ஓடக் கூடாது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் நடவடிக்கையைப் பின்தொடர்வதை இந்தியச் சட்டம் தடுக்கிறது. டியூஷன் சென்டர்காரர்கள் மாணவர் பக்கங்களில் ரெக்கார்டிங் கருவியே போடாதீர்கள்.

தரவு வெளியே போகவே கூடாது என்றால் அனலிட்டிக்ஸ் மாதிரியான மட்டோமோ என்ற கருவியை உங்கள் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம்.

தளம் மெதுவாக இருக்கிறது என்கிறார்கள். எவ்வளவு வேகம் வேண்டும்?

கூகுள் சொல்லும் அளவு இது: முக்கியமான படமோ எழுத்தோ 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும். தட்டினால் 200 மில்லிவினாடிக்குள் ஏதாவது அசைய வேண்டும். லோட் ஆகும்போது பக்கம் குதிக்கக் கூடாது. மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை. 'வாங்க' என்று விரல் போகும் நேரத்தில் மேலே ஒரு விளம்பரம் வந்து பக்கத்தைத் தள்ளி, விரல் வேறெங்கோ படும். ரெக்கார்டிங்கில் இது தெளிவாகத் தெரியும்.

குறைகள் நாற்பது ஐம்பது சேர்ந்துவிட்டன. எதை முதலில் திருத்துவது?

காசுக்கு அருகில் இருப்பதை. பணம் கட்டும் பக்கத்தில் ஒருவர் மாட்டினாலும் அது முதலில். 'எங்களைப் பற்றி' பக்கத்தில் பத்துப் பேர் மாட்டினாலும் அது அப்புறம். பார்த்த ஐந்து பேரில் மூன்று பேர் ஒரே இடத்தில் மாட்டினார்கள் என்றால் விவாதமே வேண்டாம். கூட்டம் கூட்டி, ஆளாளுக்கு மார்க் போட்டு வரிசைப்படுத்துகிற வழக்கம் பெரிய ஆபீஸ்களில் உண்டு. மூன்று பேர் நடத்துகிற கடைக்கு அது வீண். பல குறைகளுக்கு எதையும் சேர்க்கத் தேவையே இருக்காது, எடுத்துவிட்டால் போதும். பிறந்த தேதி கேட்கும் பெட்டி எண்ணெய்க் கடைக்கு எதற்கு?

டெவலப்பர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வாதம் செய்யாதீர்கள். அடுத்த முறை ஆளைப் பார்க்கும்போது அவரையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். பெரியம்மா இரண்டாம் முறை முகவரி அடிப்பதைப் பார்த்த அன்று ராத்திரியே எங்கள் டெவலப்பர் பையன் அந்தப் படிவத்தைத் திருத்திவிட்டான்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை இதையெல்லாம் செய்வது?

போன் நோட்டு தினமும். தேடல் பெட்டியும் சர்ச் கன்சோலும் மாதம் ஒருமுறை. ஆட்களைப் பார்ப்பதற்கு ஸ்பூல் சொல்லும் அளவு, ஆறு வாரத்துக்கு ஒருமுறையாவது இரண்டு மணி நேரம், தளத்தில் கைவைக்கிற ஒவ்வொருவரும். சின்ன இடத்தில் இதுவே கஷ்டம்தான். அப்படியானால் பெரிய மாற்றம் செய்யும்போதும், தீபாவளி வியாபாரம் தொடங்க ஒரு மாதம் முன்பும் கட்டாயம் பாருங்கள். தீபாவளி வாரத்தில் தளத்தில் எதையும் மாற்றாதீர்கள்.